ஆறிய மூட்டைகள்

இளஞ்சிவப்பு நிற்கவில்லை. குடுவையை ஆட்டிக்கொண்டே இன்னொரு சொட்டு காரக் கரைசல் விட்டேன். நிறம் வந்தது, ஒரு சுற்று சுற்றியது, போய்விட்டது. நல்ல தவிட்டிலிருந்து எடுத்த எண்ணெய் என்றால் காரத்தை இப்படிக் குடிக்காது. கொஞ்சம் விட்டதுமே சிவந்து அப்படியே நின்றுவிடும். இதுவோ யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக, விட விட வாங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நிறம் நின்றபோது எவ்வளவு காரம் போயிருக்கிறது என்று எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாம்பிள் வந்த பையின் கழுத்தில் கட்டியிருந்த நூலைத்தான் பார்த்தேன். மறுபடியும் நீல நூல்.

எங்கள் ஆலையில் மூட்டையின் வாயைத் தைக்கும் நூலுக்கு ஷிப்டுக்கு ஒரு நிறம். காலை ஆட்களுக்கு வெள்ளை, மதிய ஆட்களுக்கு நீலம். எந்த மூட்டை யார் கையால் போனது என்பது கிடங்கு வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். சாம்பிள் எடுக்கும்போது அந்த நூலில் ஒரு துண்டை வெட்டிப் பையில் கட்டிவிடுவது என் வழக்கம். நீல ஷிப்டில் தவிட்டை அவிக்கும் ஸ்டீமரை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அவித்த தவிட்டை எடைபோட்டு மூட்டையாக்குகிறவள் என் அக்கா. எதிரே இருக்கும் சோதனைக்கூடத்தில் அந்த மூட்டைகளைக் குத்திப் பார்த்துக் குறை சொல்கிறவள் நான். ஒரே வீட்டில் உலை வைத்து மூன்று பேர் ஒரே ஆலையில் வேலை செய்தால் இப்படித்தான், சண்டையைக்கூட வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது.

அரிசி ஆலையில் அரிசிதான் ராஜா, தவிடு மாட்டுக்குப் போகிற சரக்கு என்று நினைக்கிறவர்கள் எங்கள் முதலாளியைப் பார்த்ததில்லை. அவருக்கு அரிசி ஒரு சாக்கு. தவிட்டைப் பிழிந்து எண்ணெய், எண்ணெயைக் குளிர வைத்து மெழுகு, அதற்கும் பிறகு ஒரு வெள்ளைத் தூள் என்று எடுத்துக்கொண்டே போவார். அந்தத் தூளை மருந்துக் கம்பெனி வாங்குகிறது, முகத்துக்குப் பூசும் களிம்பிலும் போடுகிறார்களாம். ஒரு லாரித் தவிட்டை உருட்டிப் புரட்டினாலும் ஒரு மூட்டைத் தூள் தேறாது. ஆனால் ஆலை நிற்பது அதில்தான். தவிட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அரிசியை விட்டுப் பிரிந்த நிமிடத்திலிருந்து அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்று தவிட்டின் எண்ணெயைத் தின்ன ஆரம்பிக்கும். உடனே நீராவியில் அவித்தால் அது செத்துவிடும், தவிடு பல நாள் தாங்கும். அவிக்காமல் விட்டால் புளிக்கும். புளித்த எண்ணெயைக் கழுவக் காரம் நிறைய வேண்டும், அந்தக் கழுவலோடு தூளும் போய்விடும். ஆகவே நான் குடுவையில் விடும் ஒவ்வொரு சொட்டும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

அந்தத் தலை யாருடையது என்று கேட்டுத்தான் மேனேஜர் வந்து நின்றார். மூட்டையின் வயிற்றில் குத்திச் சாம்பிள் எடுக்கும் கூர்மையான இரும்புக் குழாய்க்குக் குத்தூசி என்று பெயர். மேனேஜருக்கும் எல்லாரும் அந்தப் பெயரையே வைத்திருந்தோம். மெதுவாகப் பேசுவார், குத்தியது தெரியாது, வெளியே வரும்போது உள்ளே இருந்தது கொஞ்சம் அவர் கையில் இருக்கும். இந்த முறை தூள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்றும், முதலாளி யாராவது ஒருவரை வெளியே அனுப்பியே தீருவேன் என்று நிற்கிறார் என்றும் சொன்னார். பிறகு என் மேஜை மேல் இருந்த பையை விரலால் தள்ளினார்.

"மூட்டை தானா புளிக்காது மேடம். யாரோ புளிக்க வைக்கறாங்க. யாருன்னு நீங்கதான் சொல்லணும். வாரக் கடைசிக்குள்ள சொல்லிட்டா நல்லது."

பையைத் திருப்பி நூல் தெரியாதபடி வைத்தேன். அவர் அதையும் பார்த்திருப்பார்.

எனக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். அதற்குச் சம்பளமே தருகிறார்கள். நம்பிக்கையாக ஒரு மூட்டையைப் பார்த்தால் எனக்கு வேலை இல்லை. ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் கழற்றி மாட்டிவிட்டு வர அது மேல்கோட்டு இல்லையே. வீட்டுக்காரர் மேல் எனக்கு முதலில் வந்த சந்தேகம் சின்னதுதான். விறகுக்கட்டையையும் உமியையும் மிச்சம் பிடித்து நல்ல பெயர் வாங்க, நீராவியைக் குறைத்து ஓட்டுகிறாரோ என்று. அவரிடம் சொல்லாமல் ஸ்டீமரின் வாயிலிருந்து சுடச்சுட ஒரு பிடி எடுத்து வந்து நிறச் சோதனை போட்டேன். அதற்கென்று ஒரு திரவம் உண்டு. அவிக்காத பச்சைத் தவிட்டில் ஊற்றினால் செங்கல் நிறமாகும், நன்றாக அவிந்த தவிட்டில் வெளுப்பாகவே இருக்கும். வெளுப்பாகத்தான் இருந்தது. மறுநாளும் போட்டேன், அப்படியே. அவர் கையில் தவறு இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம் பெரிதானது. ஸ்டீமரிலிருந்து நல்லபடியாக வெளியே வரும் தவிடு கிடங்கில் சில நாள் இருந்ததும் புளிக்கிறது என்றால், இடையில் மூட்டை மாறுகிறது. நல்ல தவிடு வேலிக்கு அந்தப்பக்கம் போகிறது, பழைய தவிடு உள்ளே வருகிறது. மாட்டுத் தீவன வியாபாரிகள் எங்கள் பின்பக்கக் கேட்டில் எப்போதும் ஈ மாதிரி மொய்த்துக்கொண்டிருப்பவர்கள்தான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இரண்டு முறை பச்சைத் தவிட்டுக் குவியலின் பக்கம் போய்ச் சும்மா நின்றதைச் சோதனைக்கூட ஜன்னல் வழியே பார்த்தேன். அவருக்கு அங்கே வேலையே கிடையாது. வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. அக்காவும் அவரும் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் அவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். என்னிடம் ஆலைப் பேச்சையே எடுப்பதில்லை. முன்பெல்லாம் இன்றைக்கு எந்தத் தாங்கி தேய்ந்தது, எந்த வால்வு ஒழுகியது என்று காது புளிக்கப் புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். மனுஷன் மாறிவிட்டான் என்று மனைவிக்குத் தெரிய வேறு அத்தாட்சி எதற்கு? எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட, அழுகை வந்தது.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரு மளிகைக் கடையில் பருப்பு, சர்க்கரை எல்லாம் எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். சரியாகக் காயாத பருப்பு வந்த ஒரு சமயம், கட்டிவைத்த பொட்டலங்கள் அலமாரியில் காய்ந்து எடை குறைந்துவிட்டன. வாங்கிப்போன ஒருவர் திருப்பிக்கொண்டுவந்து கத்த, கடைக்காரர் எல்லார் முன்னாலும் அக்காவின் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். பையில் ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன. இருந்தும் நிறுத்திவிட்டார்கள். பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று பேச்சு. எங்களோடு வந்து தங்கியவளுக்கு மேனேஜரிடம் பேசி வேலை வாங்கித் தந்தவர் என் வீட்டுக்காரர்தான். "என் பொறுப்பு சார்" என்று சொல்லி வாங்கினார். அதிலிருந்து அக்காவுக்குத் தம்பி என்றால் அவர்தான், வாய் நிறையத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். சமையலையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். டம்ளரைத் தலைதட்டி அரிசி அளந்துவிட்டு, அதற்கு மேல் ஒரு கைப்பிடி போடுவாள். யாராவது வந்தால் என்பாள். யாரும் வருவதில்லை. மிஞ்சிய சோறு மறுநாள் என் டிபன் டப்பாவில் வரும்.

ஆலையில் வைத்தால் குத்தூசி கண்ணில் படும் என்று, நீல நூல் மூட்டைகளின் சாம்பிளைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவில் என் துணிகளுக்கு அடியில் வைத்தேன். எந்த மூட்டை எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது என்று மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். கணவனைப் பிடிக்கக் கட்டின துணிக்குள்ளேயே பொறி வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரத்தின் நடுவில் அவர் தாமாகவே மேனேஜரிடம் போய், நீராவி அழுத்தம் அடிக்கடி குறைந்துவிட்டது, கவனிக்காமல் விட்டது தன் தப்புதான் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். சோதனையில் அப்படித் தெரிகிறதா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நீராவி ஒரு நாளும் குறையவில்லை என்பதற்கு என்னிடம் வெளுத்த சோதனைக்குழாய்கள் வரிசையாக இருந்தன. செய்யாத தப்பை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாரும் கேட்காமலே சொல்ல வருகிறவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். பெரிய தப்பை மூட ஒரு சின்னத் தப்பு. அன்றைக்கு வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை ஆலைக்கு வார விடுமுறை. கடைக்குப் போய்த் திரும்பினேன். பாட்டில்கள் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் நீல நூல். குளிர்கிறதென்று போர்வை தேடி பீரோவைத் திறந்திருக்கிறார். அக்கா உள்ளே சமையலறையில் இருந்தாள். அவர் ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து மோந்தார், மூடினார்.

"என்னையா பாட்டில்ல போட்டு வச்சிருக்க?" என்றார். குரல் உயரவேயில்லை.

வேலை விஷயம் என்று முனகினேன்.

"வேலைய எதுக்குத் துணிக்கு அடியில வைக்கணும்?"

பதில் சொல்லத் தெரியாத இடத்தில் திருப்பிக் கேட்பதுதானே நம் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஸ்டீம் குறைந்தது என்று ஏன் பொய் சொன்னீர்கள், நான் சோதித்துப் பார்த்தேன், குறையவே இல்லை, எந்தத் தவிட்டை எங்கே அனுப்புகிறீர்கள் என்று சமையலறைக்குக் கேட்காதபடி அடிக்குரலில் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"பச்சைத் தவிட்டுக் குவியல்ல உங்கக்கா கிண்ணத்தால அள்ளிட்டு இருந்தாங்க. ரெண்டு மூணு வாட்டி பாத்தேன். என்னைப் பாத்ததும் சாக்கால மூடிட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கல. ஏற்கெனவே ஒரு தடவ பட்டவங்க. இன்னொரு தடவ அவங்க பைய யாரும் கொட்டிப் பாக்க வேணாம்னுதான் என் மேல போட்டுக்கிட்டேன்."

"அக்கா திருடறான்னு நெனச்சீங்களா?"

"நீ என்னைப் பத்தி நெனைக்கலையா?" என்றார்.

மேஜையில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் நடுவிலும் என் புத்தி தன் வேலையை விடவில்லை. அக்காவா, அக்காவேதானா, பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை என்று அன்றைக்குச் சொன்னார்களே என்று ஓடியது. கூடப் பிறந்தவளையும் நூல் கட்டிப் பாட்டிலில் அடைக்க எனக்குக் கண நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து அரிசி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் வந்தது. எழுந்துபோய் வாசலில் நின்றேன். அக்கா டம்ளரால் மொண்டு, விரலால் தலைதட்டி, பாத்திரத்தில் போட்டாள். கடைசி டம்ளர் விழுந்ததும் கை தானாக டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தது.

"எதுக்குக்கா அந்த ஒரு பிடி?" என்றேன். எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். ஆனால் இந்தமுறை அவள் யாராவது வந்தால் என்று சொல்லவில்லை. என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"குறைஞ்சுடுச்சுன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதில்ல."

அரிசி பாத்திரத்தில் விழுந்தது. எனக்குத் தலைக்குள் என்னவோ சரிந்து உட்கார்ந்தது.

மறுநாள் மதியம் மூட்டைக் கொட்டகைக்கு எதிரே இருக்கும் ஜன்னலில் போய் நின்றுகொண்டேன். அவித்த தவிடு சூடாக விழும். எடைமேடையில் சாக்கை வைத்துச் சரியாக நிரப்பி இறக்கிவிடுவார்கள். சூட்டோடு வாயைத் தைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும் என்பதால், மூட்டைகள் வாய் திறந்தபடி வரிசையாக நின்று ஆறும். ஆறியதும் தைக்கும் மிஷினுக்குப் போகும். காலை ஷிப்டில் நடப்பது இவ்வளவுதான். அக்கா இதற்கு நடுவில் ஒன்று செய்தாள். ஆறிய மூட்டையை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து திரும்பவும் எடைமேடையில் ஏற்றினாள். முள்ளைக் குனிந்து பார்த்தாள். ஈரம் ஆவியாகப் போனதில் மூட்டை கொஞ்சம் குறைந்திருக்கும், அது யாருடைய தப்பும் இல்லை, ஆலையில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதும் இல்லை. அதற்குள் அவித்த தவிடு விழும் குழாய் நின்றுபோயிருந்தது. அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து மறைப்புக்கு அந்தப்புறம் போனாள். பச்சைத் தவிட்டோடு திரும்பி வந்து மூட்டையின் வாயில் கொட்டினாள். முள் சரியான இடத்துக்கு வந்ததும் மேலாகத் தடவிச் சமப்படுத்தினாள். குழந்தைக்குத் தலை துடைத்துவிடுகிற மாதிரி இருந்தது.

தைத்து நிறுத்திய ஒரு மூட்டையைப் பிரித்தேன். வயிற்றில் குத்தி எடுத்தது வெளுப்பாகவே இருந்தது. வாயிலிருந்து எடுத்தது செங்கல் நிறமானது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பி நான் எப்போதும் வயிற்றிலேயே குத்திக்கொண்டிருந்தேன். தலையில் ஏற்றி, தூக்கிப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது வாயில் இருந்த பச்சைத் தவிடு உள்ளே இறங்கிக் கலந்துவிடுகிறது. அதற்குள் உயிரோடு இருப்பது கிடங்கின் இருட்டில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பதை எல்லாம் தின்கிறது. களவு இல்லை, கலப்படம் இல்லை. ஒரு கிண்ண நியாயம், அவ்வளவுதான் மூட்டையைப் புளிக்க வைத்தது.

அக்காவைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனேன். நான் எதுவும் கேட்கும் முன்பே, கிண்ணத்தை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டு, மாட்டிக்கொண்டவள் போல இல்லாமல் பெருமையாகவே சொன்னாள்.

"ஆறினதும் மூட்டை குறையுது. காலை ஆளுங்க பாக்காமலே தைச்சுடறாங்க. நான் ஒவ்வொண்ணையும் திரும்ப எடை போட்டுடறேன். தம்பி ஷிப்டு மூட்டை எடை குறைஞ்சுதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது. தம்பிகிட்ட சொல்லிடாத, சங்கடப்படுவாரு."

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் நின்ற நேரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் சொன்னேன். பச்சைத் தவிடு என்ன செய்யும், அவித்த பிறகு அதைத் தொடவே கூடாது என்பதை எல்லாம் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். ஒரு கிண்ணம்தானே என்றாள். ஒரு கிண்ணம் போதும் என்றேன். கையில் ஒட்டியிருந்த தவிட்டை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், போன பிறகும் தட்டினாள்.

"அதான் வீட்ல ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தீங்களா? நான் வந்து தங்கினது உனக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சுட்டு இருந்தேன்." பிறகு கேட்டாள்: "தம்பியும் நான் எடுக்கறேன்னுதான் நெனச்சாரா?"

இல்லவே இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, நம்பாததை என்னிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மேனேஜரிடம், ஆறிய மூட்டையை நிரப்பும் முறையில் ஒரு தவறு, இன்றோடு நிறுத்தியாகிவிட்டது, இனிமேல் புளிக்காது என்றேன். வாய்த் தவிட்டின் குழாயையும் வயிற்றுத் தவிட்டின் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல வேலை என்று பாராட்டினார். யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நீல நூல் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. குழாய்களைத் திருப்பி வைக்கும்போதுதான் குத்தினார்.

"பச்சைத் தவிட்ட உள்ள போட்டாங்க, சரி. அதே அளவுக்கு அவிச்சது வெளிய போகலைன்னு எதை வச்சு மேடம் சொல்றீங்க?"

அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லலாம். கணவரும் அப்படிப்பட்டவர் இல்லைதான், நான் பாட்டில் பாட்டிலாக அடைத்தேன். குறைந்த மூட்டையைத்தான் நிரப்பினாள் என்றால், மூட்டை ஏன் குறைந்தது என்று கேட்பார். ஆவி என்றால், ஆவியை எங்கே பிடித்துக் காட்டுவது? ஒருவர் எடுக்கவில்லை என்பதற்கு என் அலமாரியில் எந்தத் திரவமும் இல்லை. திங்கட்கிழமை முதலாளியோடு உட்கார்ந்து பேசலாம், அதுவரை உங்கள் அக்கா கிடங்கைக் கூட்டட்டும், எடைமேடைப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவளிடம் சொல்லும் வேலையையும் எனக்கே விட்டுவிட்டார்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது, அக்காவுக்கும் தெரிந்திருந்தது. மேஜையில் பாட்டில்கள் இல்லை. கழுவித் துடைத்து, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தார். நூல்களை அவிழ்த்து எங்கே போட்டார் என்று தெரியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தள்ளிக்கொள்ளவில்லை. இன்றைக்கு வால்வு ஏதாவது ஒழுகியதா என்று கேட்டேன். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், மேனேஜருக்குச் சொல்கிற மாதிரி.

அக்கா அரிசி அளந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். டம்ளரைத் தலைதட்டி, தலைதட்டி, கடைசி டம்ளரையும் போட்டாள். கை டப்பாவுக்குள் போனது. அள்ளிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு விரல்களை விரித்துவிட்டு, கையை வெளியே எடுத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவர் ஒரு தடவை போட்டுக்கொண்டு, பசியில்லை, போதும் என்றார். நான் பாதியில் எழுந்து தண்ணீர் எடுத்து வந்தேன், அதோடு எனக்கும் போதும் என்று ஆகிவிட்டது. அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். யாரும் யாரையும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து பாத்திரத்தை எடுக்கப் போனேன். சரியாக அளந்து வைத்த சோற்றில், அடியில் ஒரு கைப்பிடி அப்படியே இருந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்து அதன் மேல் மூடி வைத்தாள்.